மோட்டார் ஓடலீன்னா கெணத்தை மூடுவீங்களா?

"ஃபார்மட் அடிச்சிரலாங்க."

கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு எந்தக் கடைக்குத் தூக்கிட்டுப் போனாலும் முதல்ல காதுல விழற வாக்கியம் இதுதான். அதுலயும் பொட்டியில லினக்ஸ் இருக்குன்னு தெரிஞ்சா கூடவே இன்னொண்ணும் வரும். "லினக்ஸ் போட்டீங்களா? அதான் பிரச்சனை."

என்ன ஆச்சுன்னு ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. திரையில என்ன எழுதியிருக்குன்னு ஒரு வரி படிக்க மாட்டாங்க. பொட்டி ஏந்திரிக்கல, அதனால உள்ள இருக்கறது எல்லாம் போச்சு, அதனால அழிச்சுட்டுப் புதுசா போடணும். மூணும் ஒண்ணுதான்ங்கிற மாதிரி ஒரே மூச்சுல சொல்லிருவாங்க. மூணும் ஒண்ணு இல்லீங்க. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

நம்மூரு பம்புசெட்டு ஊரு. கெணத்து மோட்டார் ஓடலீன்னா மெக்கானிக் வந்து முதல்ல என்ன பாப்பாரு? கரண்டு வருதா, ஃபியூஸ் போயிருக்கா, ஸ்டார்ட்டர் பிடிக்குதா, காயில் கருகியிருக்கா, ஃபுட் வால்வுல தண்ணி நிக்குதா... இப்படி ஒவ்வொண்ணாத்தான் பாப்பாரு. "மோட்டார் ஓடல, கெணத்தை மண்ணு போட்டு மூடிட்டுப் பக்கத்துல புதுசா வெட்டிக்கலாம்"னு எவனாவது சொன்னா அவனைத் தோட்டத்துப் பக்கமே விட மாட்டோம். ஆனா அதே ஆளு கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு, கெணத்தை மூடச் சொல்ற ஆளுக்குக் கூலியும் குடுத்துட்டு வர்றாரு!

கம்ப்யூட்டருக்கும் அதே வரிசைதான். சுவிட்சு போட்டதும் முதல்ல ஏந்திரிக்கறது பயாஸ் (புதுப் பொட்டிகள்ல யூஈஎஃப்ஐ). அது பூட் லோடரை எழுப்பும். லினக்ஸ்ல பெரும்பாலும் அதுக்குப் பேரு கிரப். கிரப்பு கெர்னலை எழுப்பும். கெர்னல் உங்க கோப்பு எல்லாம் இருக்கற பார்ட்டிஷனைத் தேடிப் போய்த் திறக்கும். உங்க போட்டோ, கணக்கு, கவிதை (ஹி ஹி) எல்லாம் கெணத்துத் தண்ணி. மத்ததெல்லாம் ஃபியூசும் ஸ்டார்ட்டரும்.

ஃபியூஸ் எவ்வளவு சின்னதுன்னு பாருங்க. பழைய முறையில (எம்பிஆர்) டிஸ்கோட முதல் 512 பைட்டுலதான் எல்லாம் ஆரம்பிக்கும். அதுல 446 பைட்டு பூட் பண்ற நிரல். 64 பைட்டு பார்ட்டிஷன் அட்டவணை. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட்டு, அதனாலதான் அதுல நாலே நாலு பிரைமரி பார்ட்டிஷன். மீதி 2 பைட்டு முத்திரை. இந்தத் துக்கிளியூண்டு இடத்துல ஏதோ மாறிப்போச்சுன்னு 500 ஜிபியை அழிக்கறதுக்குப் பேரு ரிப்பேரா?

புது முறையில (ஜிபிடி) இன்னும் விசேஷம். பார்ட்டிஷன் அட்டவணையை டிஸ்கோட தலையில ஒண்ணு, வால்ல ஒண்ணுன்னு ரெண்டு நகலா வெச்சிருக்கும். முன்னாடி இருக்கறது கெட்டாலும் பின்னாடி இருக்கறதை வெச்சு மீட்கலாம்னு யோசிச்சுக் கட்டினது. நம்மாளுங்க ரெண்டையும் சேத்து அழிச்சுட்டு, "ஃபிரெஷ்ஷா போட்டிருக்கேன் சார்"னு சொல்வாங்க.

சரி, கருப்புத் திரையில "கிரப் ரெஸ்க்யூ"ன்னு வந்து நிக்குதே, அதுக்கு என்ன அர்த்தம்? டிஸ்கு செத்துப்போச்சுன்னா? இல்லவே இல்ல. கிரப்போட முதல் பாதி ஏந்திரிச்சுருச்சு, மீதிப் பாதி எந்தப் பார்ட்டிஷன்ல இருக்குன்னு தேடி, கெடைக்காம முழிக்குதுன்னு அர்த்தம். வீடு அங்கயேதான் இருக்கு, கதவு நம்பர் மாறிப்போச்சு. எம்பிஆர் டிஸ்குல ஒரு லாஜிக்கல் பார்ட்டிஷனை அழிச்சா அதுக்கு அடுத்ததோட நம்பர் ஒண்ணு குறையும். ஆறாம் நம்பர் அஞ்சு ஆயிரும். கிரப்பு பாவம் ஆறாம் நம்பர் வீட்டுக் கதவைத் தட்டிட்டு நிக்கும். சரியான நம்பரைச் சொல்லிக் குடுத்தா அடுத்த நிமிஷம் பூட் ஆகும். அப்பறம் உள்ள போய் கிரப்பை ஒருதடவை திரும்ப நிறுவிட்டாப் போதும்.

இப்ப "லினக்ஸ்தான் காரணம்"ங்கிற குற்றச்சாட்டுக்கு வருவோம்.

விண்டோசைத் திரும்ப நிறுவினா பழைய பொட்டிகள்ல அது அந்த 446 பைட்டு மேல தன்னோடதை எழுதிக்கும். புதுப் பொட்டிகள்ல பூட் வரிசையில தன்னை முதல்ல வெச்சுக்கும். லினக்ஸ் பார்ட்டிஷன் அப்படியே இருக்கும், அதுக்குப் போற வழிதான் மறைஞ்சிருக்கும். புதுப் பொட்டியில பல சமயம் பயாசுக்குள்ள போய் வரிசையை மாத்தினாலே வேலை முடிஞ்சுது. இன்னொரு வகை, விண்டோசுல டிஸ்க் மேனேஜ்மெண்டைத் திறந்தா லினக்ஸ் பார்ட்டிஷன் டிரைவ் எழுத்து இல்லாம, பேர் இல்லாமக் கெடக்கும். "ஏதோ வேஸ்டா கெடக்குது"ன்னு டெலீட் பண்ற புண்ணியவான்கள் ஊருக்குப் பத்துப் பேர். இதுல லினக்ஸ் பண்ணின தப்பு என்னங்க?

2024 ஆகஸ்ட் 13 ஞாபகம் இருக்கா? மைக்ரோசாஃப்ட் அன்னைக்கு வெளியிட்ட விண்டோஸ் அப்டேட்டுல, பாதுகாப்பு ஓட்டை இருக்கற பழைய பூட் லோடர்களைத் தடுக்கற எஸ்பேட்னு ஒரு ஏற்பாடு வந்துச்சு. லினக்ஸும் சேர்ந்து இருக்கற பொட்டிகளை அது தொடாதுன்னுதான் சொல்லியிருந்தாங்க. தொட்டுது. பல பேரோட லினக்ஸ் "ஏதோ பயங்கரமாத் தப்பாயிருச்சு"ங்கிற அர்த்தத்துல ஒரு ஆங்கில வரியைக் காட்டிட்டுப் படுத்துக்குச்சு. மைக்ரோசாஃப்டே ஒத்துக்கிட்டு 2025 மே மாச அப்டேட்டுலதான் முழுசா சரி பண்ணினாங்க. இதுக்கு நடுவுல பண்ண வேண்டியிருந்தது என்ன? பயாஸ்ல செக்யூர் பூட்டைத் தற்காலிகமா அணைக்கணும், லினக்சுக்குள்ள போய் அந்த எஸ்பேட் விதியை நீக்கணும், ரீபூட் பண்ணிட்டுத் திரும்ப செக்யூர் பூட்டை போடணும். அவ்வளவுதான். ஒரு பைட்டுகூட தொலையல. ஆனா அந்த வரியைப் பாத்துட்டு ஃபார்மட் அடிச்சவங்களோட டேட்டா மட்டும் போச்சு. மைக்ரோசாஃப்டும் அழிக்கல, லினக்சும் அழிக்கல. வைத்தியம்தான் அழிச்சுது.

எங்க பக்கத்துத் தெருவுல ஆராய்ச்சிப் படிப்பு படிக்கற ஒரு தங்கச்சி. ரெண்டு வருஷ ஆய்வுக் கணக்கு, வரைபடம் எல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷன்ல. ஒரு நாள் பூட் ஆகல. 90 நொடி ஏதோ எண்ணிட்டு எமர்ஜென்சி மோடுன்னு நின்னுருச்சு. கடையில குடுத்தாங்க, சாயந்தரம் விண்டோசோட திரும்பி வந்துச்சு, உள்ள ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு எடுத்து வெச்சிருந்த திரைப் படத்தைப் பாத்தா நெம்ப வயித்தெரிச்சலா இருந்துச்சு. முன்னாடி வாரம் யாரோ இன்னொரு பார்ட்டிஷனைத் திரும்ப உருவாக்கியிருக்காங்க, அதோட அடையாள எண் மாறிருச்சு, எஃப்எஸ்டேப்ங்கிற கோப்புல பழைய எண்ணே இருக்கு. சிஸ்டம் அந்தப் பழைய எண்ணைத் தேடித் தேடி நின்னுருக்கு. ஒரே ஒரு வரியைத் திருத்தியிருந்தாப் போதும். ரெண்டு வருஷத்தை அழிச்சாச்சு, பில்லும் போட்டாச்சு.

"அதான் ரெக்கவரி சாஃப்ட்வேர் இருக்கேங்க"ன்னு சொல்வீங்க. ஹார்டு டிஸ்க் காலத்துல ஓரளவு உண்மை. டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் மாதிரி அருமையான கட்டற்ற கருவிகள் இருக்கு. வேற எதுவும் மேல எழுதாம இருந்தா, தொலைஞ்ச பார்ட்டிஷனையே டெஸ்ட்டிஸ்க் கண்டுபிடிச்சுக் குடுக்கும். ஆனா இப்ப எல்லாம் எஸ்எஸ்டி. குவிக் ஃபார்மட் அடிச்சாலே, இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்னு சிஸ்டம் டிஸ்குக்குச் சொல்லிரும் (டிரிம்). டிஸ்கு உள்ளுக்குள்ளயே துடைச்சுரும். விண்டோஸ் விஸ்டாவுல இருந்து முழு ஃபார்மட் அடிச்சா டிஸ்க் பூரா பூஜ்யத்தை எழுதுது. அதாவது முன்ன ஃபார்மட்டுன்னா கெணத்து மேல பலகை போட்ட மாதிரி. இப்ப நெஜமாவே மண்ணு போட்டு மூடறது. காலம் மாறிருச்சு, கடைக்காரர் வாய் மட்டும் மாறல.

இதெல்லாம் நம்மாளுகளுக்கு வராதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். வாளையார் செக்போஸ்டைத் தாண்டுங்க. பாலக்காடு இங்கிருந்து அம்பது கிலோமீட்டர்தான். அங்க அரசுப் பள்ளிகள்ல உபுண்டுவை அடிப்படையா வெச்ச லினக்ஸ்தான் ஓடுது. 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல்னு ஆரம்பிச்சு, 2017-ல் கைட்னு அரசு நிறுவனமா மாறின அமைப்பு அது. வாத்தியாருங்களுக்கே பயிற்சி குடுக்கறாங்க. 2018-ல் இருந்து லிட்டில் கைட்ஸ்னு பசங்களுக்கே பள்ளியில கிளப் வெச்சிருக்காங்க. அவங்க மூளை வேற, நம்ம மூளை வேறயா?

நாம என்ன பண்ணினோம்? 2011 செப்டம்பர்ல ஆரம்பிச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல, விண்டோசோட பாஸ் லினக்ஸும் சேத்துத்தான் குடுத்தாங்க. பாஸ்ங்கிறது நம்ம சி-டாக், டெபியனை வெச்சு உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இயங்குதளம். எம்பூட்டு நல்ல ஆரம்பம்! ஆனா ஒரே டிஸ்குல ரெண்டு இயங்குதளம் எப்படி இருக்குது, பார்ட்டிஷன்னா என்ன, ஆரம்பத்துல வர்ற அந்தப் பட்டியல் எதுக்குன்னு அந்தப் பசங்களுக்கு எத்தனை பேர் உக்காந்து சொல்லிக் குடுத்தோம்? ரெண்டு கதவு வெச்ச வீட்டைக் குடுத்தோம், ஒரு கதவைக் காட்டவே இல்ல. அப்பறம் "அது எதுக்குங்க இடத்தை அடைச்சுக்கிட்டு"ன்னு கடையில அழிக்கச் சொன்னா யாரைத் திட்டறது?

இப்ப நம்ம ஜாதிக்கு வர்றேன். பதிவர் ஜாதிங்க :)

"பத்தே நிமிடத்தில் லினக்ஸ் நிறுவுவது எப்படி"ன்னு படம் படமாப் போட்டு எழுதியிருக்கோம். "நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்." பார்ட்டிஷன் கேக்கற இடம் வந்தா "முதல் ஆப்ஷனைத் தேர்வு செய்க". அந்த முதல் ஆப்ஷன் பல சமயம் டிஸ்கை முழுசா அழிக்கறதுன்னு ஒரு வரி எழுத நமக்குக் கை வரல. நிறுவறதுக்கு நூறு பதிவு இருந்தா, நின்னுபோனா என்ன பண்ணணும்கறதுக்கு ஒண்ணு தேறுமா? கல்யாணத்துக்குப் பந்தல் போடறவங்க நெறைய, மழை வந்தா ஒழுகற இடத்தைப் பாக்கத்தான் ஆளில்ல. அந்த வெற்றிடத்துலதான் "ஃபார்மட் அடிச்சிரலாங்க" உக்காந்திருக்கு.

கடைக்காரங்க பக்கமும் நியாயம் இருக்கு, மறுக்கல. உக்காந்து ரெண்டு மணி நேரம் கண்டுபிடிச்சா அதுக்குக் காசு குடுக்க நமக்கு மனசு வராது. "ஒரு வரி மாத்தினதுக்கு ஐநூறு ரூபாயா?"ன்னு கேப்போம். ஃபார்மட்டுக்கு மட்டும் பேரம் பேசாமக் குடுப்போம். லினக்ஸ் காட்டற பிழைச் செய்தியும் மனுஷனுக்குப் புரியற மாதிரி இல்லைங்கறது வாஸ்தவம். எல்லாத்துக்கும் சேத்து நாம செய்ய வேண்டியது ஒண்ணும் மலையைப் பேக்கற வேலை இல்ல.

1. பொட்டி நின்னா முதல் வேலை, திரையை செல்போன்ல படம் எடுக்கறது. காரணம் பெரும்பாலும் அந்தத் திரையிலயே எழுதியிருக்கும்.

2. வீட்டுல ஒரு லைவ் பென் டிரைவ் எப்பவும் இருக்கணும். அதுல இருந்து பூட் பண்ணினா டிஸ்கைத் தொடாமலே உங்க கோப்பு எல்லாம் தெரியும். முதல்ல வெளி டிஸ்குக்கு எடுங்க. அதுக்கப்பறம்தான் ரிப்பேர்.

3. டிஸ்குல டக் டக்னு சத்தம் வந்தாலோ, படிக்கும்போது பிழை வந்தாலோ, அது நெஜமான டிஸ்க் கோளாறு. அப்ப எஃப்எஸ்சிகே கூட ஓட்டாதீங்க. முதல்ல டிடிரெஸ்க்யூ வெச்சு நகல். நோவு வேற, மருந்து வேற.

4. விண்டோசும் இருக்கற பொட்டின்னா செக்யூர் பூட்ல கை வைக்கறதுக்கு முன்னாடி பிட்லாக்கரோட 48 இலக்க ரெக்கவரி எண்ணை எழுதி வெச்சுக்குங்க. அது இல்லாம மாட்டினா எந்த மெக்கானிக்காலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

5. கடைக்குக் குடுத்தா பில்லு புக்குலயே எழுதி வாங்குங்க. "என்னைக் கேக்காம அழிக்கக் கூடாது." கண்டுபிடிச்சுக் குடுத்தா தாராளமாக் காசு குடுங்க. கெணத்தை மூடினதுக்குக் குடுக்காதீங்க.

பதிவர் நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த தடவை உங்க பொட்டி நின்னு, நீங்க சரி பண்ணினா, அந்தத் திரையில என்ன வந்துச்சு, என்ன பண்ணினீங்கன்னு தமிழ்ல ஒரு பதிவு போடுங்க. பத்து வரி போதும். எங்கயோ ஒரு பொண்ணோட ரெண்டு வருஷம் அதுல மிஞ்சும்.

டிஸ்கி: விண்டோஸ் ரசிகர்கள் கும்ம வரலாம். ஆனா வர்றதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்துட்டு வாங்க :)