எடைக்குப் போன இழைப்புளி



தந்தை மறைந்த வீட்டில் அவர் உடுத்திய வேட்டியைக் கூட மடித்துப் பெட்டியில் வைக்கின்றோம். அவர் கையில் பல ஆண்டுகள் உழைத்த கருவிகளையோ எடை போட்டு விற்றுவிடுகின்றோம். இவ்வழக்கத்தால் நேர்ந்த ஓர் இழப்பையும், அதிலிருந்து மீட்கப்பட்டதையும் இம்மாதம் கூற விழைகின்றேன்.

இராயபுரத்தில் எங்கள் தெருவில் வாழ்ந்த தச்சர் ஒருவர் காசிமேட்டில் மரப்படகுகளுக்குப் பலகை இழைத்தவர். அவர் காலமான மறுமாதமே, வாடகை நெருக்கடியில், கருவிப்பெட்டி காயலான் கடைக்குச் சென்றது. பின்னர் தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவில் இடம் பெற்ற அவர் மகன், “ஐயா, அப்பாவின் இழைப்புளியை எப்படியாவது மீட்க வேண்டும்” என்று என்னிடம் வந்தான்.

முன்னாளில் பழைய கருவி தேடுவோர் சென்ட்ரல் நிலையத்தருகே இருந்த மூர் மார்க்கெட்டுக்குச் செல்வர். அது 1985 மே 30 அன்று தீக்கிரையாயிற்று. எங்களுக்கோ தேடும் இடம் தெரிந்ததே. காயலான் கடைக் குவியலில் இழைப்புளி கிடந்தது. ஆனால் அதன் வாயோரம் விரிசல் ஓடியிருந்தது. வார்ப்பிரும்பு உறுதியானதே, எனினும் வீசி எறிந்தால் வளையாது, உடையும். விரிசல் கண்ட உடலை நம்பி வேலை செய்ய இயலாது. தம்பி அதனைக் கையில் ஏந்தியபடி ஒன்றும் பேசாது நின்றான்.

அதனருகிலேயே துருவேறிய வேறொரு இழைப்புளி கிடந்தது. அதன் உடல் குறையற்றது. தகடோ தேய்ந்து குட்டையாகியிருந்தது. தந்தையாரின் கருவியில் உடல் போயிற்று, தகடு நன்றாக இருந்தது. இரண்டையும் சேர்த்து வாங்கினோம்.

இது பொருந்துமா என்று நீங்கள் ஐயுறலாம். இரும்பு இழைப்புளிக்கு இன்றைய அமைப்பை வகுத்தவர் லெனார்ட் பெய்லி என்னும் அமெரிக்கர். அவருடைய காப்புரிமைகளை ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் பெற்றது. மர இழைப்புளியில் தகட்டை ஏற்றி இறக்க ஆப்பையும் உடலையும் தட்ட வேண்டும்; பெய்லியின் அமைப்பில் திருகைச் சுழற்றினால் போதும். பின்னர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ரெக்கார்டு முதலிய நிறுவனங்களும் இவ்வமைப்பையே பின்பற்றின. 4-ஆம் எண், 5-ஆம் எண் இழைப்புளிகளின் தகடு வழக்கமாக 2 அங்குல அகலமுடையது. எனவே ஒன்றன் தகடு மற்றொன்றில் பெரும்பாலும் பொருந்திவிடும்.

பழைய இழைப்புளி வாங்குவோர் மேல்துருவைக் கண்டு அஞ்ச வேண்டா. வாயோரத்திலும் பக்கங்களிலும் விரிசல் உண்டா என நோக்குக. திருகுகள் யாவும் உள்ளனவா எனக் காண்க. அவற்றின் மரை தனி வகையாதலின் கடையில் எளிதிற் கிடைக்காது. தகட்டின் தட்டையான பக்கத்தில், கூர்முனை அருகே, ஆழ்ந்த துருக்குழிகள் இருத்தலாகாது. கைப்பிடி உடைந்திருப்பின் கவலையில்லை. மரத்தில் புதிது செய்துகொள்ளலாம்.

எங்கள் வீட்டுத் திண்ணையில் வேலை தொடங்கிற்று. இறுகிய திருகுகளை இரவு முழுதும் மண்ணெண்ணெயில் ஊறவிட்டோம். துருவேறிய தகட்டை வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, உடனே எண்ணெய் பூசினோம். தாமதித்தால் துரு மீண்டும் படியும். தடித்த கண்ணாடி மீது உப்புத்தாளை விரித்து அடிப்பரப்பைத் தேய்த்தோம். அப்போது தகட்டை உள்ளிழுத்து, ஆனால் இறுக்கிய நிலையிலேயே வைத்திருத்தல் வேண்டும். அந்த இறுக்கத்தால் உடல் சிறிது வளைவதுண்டு. முன்முனை, வாய், பின்முனை ஆகிய மூன்றும் ஒரே மட்டத்தில் அமைந்தால் போதும்.

தகட்டைச் சாணைக்கல்லில் 25 பாகை சரிவில் தீட்டினான். மின்சாரச் சாணையைத் தவிர்த்தோம். அதன் வெப்பத்தில் எஃகு நீலம் பாய்ந்தால் உறுதி கெடும். மேல்தகட்டைக் கூர்முனைக்கு மயிரிழை பின்னே பொருத்தினோம். மரம் பிய்ந்து போகாமல் சீவல் சுருண்டு எழுவதற்கு அதுவே துணை.

உடலைத் துடைக்கையில், பக்கத்தில் யாரோ ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள் தெரிந்தன. உப்புத்தாளை எடுத்த தம்பி, சற்று நின்று, “இவரும் யாருக்கோ அப்பாதானே ஐயா” என்று கூறி அவற்றை அழியாது விட்டான். முதற்சீவல் தேக்குப் பலகையிலிருந்து மெல்லிய நாடாவெனச் சுருண்டு வந்தபோது, அவன் தாய் வாயிற்படியில் நின்று அதனை எடுத்து முகர்ந்தார். அவர் கண்கள் கலங்கின.

சூசையப்பர் தச்சர். உழைப்பாளரான அவருக்கென்று மே முதல் நாளைத் திருநாளாக 1955-இல் ஏற்படுத்தினார் பன்னிரண்டாம் பத்திநாதர். அத்திருநாளைக் கொண்டாடும் நாம், நம் வீட்டு உழைப்பாளியின் கருவியைப் பழைய இரும்பென்று தள்ளலாமா? வறுமையால் விற்க நேர்ந்தால் அது குற்றமன்று. ஆயினும் விற்பதற்கு முன் பிள்ளைகளை அழைத்து ஒரு சொல் கேளுங்கள். வைத்துக்கொள்வதாயின், வேலை முடிந்த பின் துடைத்து எண்ணெய் பூசி வையுங்கள். நம் கடற்கரைக் காற்றில் உப்பு உண்டு, அது இரும்பை விரைவில் தின்னும்.

காசிமேட்டுத் தச்சரின் தகடு இன்று முகமறியா ஒருவரின் இழைப்புளியில் உழைக்கின்றது. அதனைப் பற்றியிருப்பது மகனின் கை.