மைய வேலை இல்லையாம்!

ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினை வர்க்கப் பிரச்சினை, அதிலே சாதியைக் கொண்டுவராதே என்கிறார்கள் தோழர்கள். நான் கொண்டுவரவில்லை. அது ஏற்கெனவே ஆலைக்குள்ளேதான் இருக்கு.

எங்கப்பா ஒரு கனரக ஆலையில் இருபத்திரண்டு வருசம் நிரந்தரத் தொழிலாளி. 1991க்குப் பிறகு ஆள்குறைப்புக்கு 'விருப்ப ஓய்வு' என்று பேர் வைத்தார்கள். யாருடைய விருப்பம்? வந்த பணம் கடனுக்கும் அக்கா கல்யாணத்துக்கும் போச்சு. அடுத்த வருசமே அதே கேட், அதே வெல்டிங். ஆனா காண்ட்ராக்டர் ஆள். சம்பளம் பாதிகூட இல்லை. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1971 மத்திய விதிகளில் எழுதியிருந்தது. எங்கப்பா கைக்கு அது வந்ததேயில்லை.

காண்ட்ராக்ட் முறையை ஒழிக்க 1970 சட்டம் வழிவைத்தது. ஒழித்தபின் தொழிலாளி கதி என்ன என்று சொல்லவில்லை. ஆலையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது 1996இல் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம். 2001இல் செயில் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதைக் கவிழ்த்தார்கள்: தானாக நிரந்தரம் ஆகாது. ஒப்பந்தம் போலி என்று காட்டும் பாரம் தொழிலாளி தலையில்.

2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டம் 20 பேர் என்ற வரம்பை 50 ஆக்கியது. மைய வேலையில் காண்ட்ராக்ட் கூடாதாம், அதற்கும் விலக்குகள். கூட்டுவது, கழுவுவது, குப்பை அள்ளுவது, ஏற்றி இறக்குவது, ஆலை அதற்கென்றே தொடங்கப்படவில்லை என்றால், மைய வேலை இல்லையாம். சாம்பல் அள்ளாமல் உலை எத்தனை நாள் எரியும்? சாதிப் பேரை எழுதாமலே எழுதிவிட்டார்கள். ஊருக்கு வெளியே சேரி. ஆலையின் மையத்துக்கு வெளியே நாம்.

பொதுத்துறை நிரந்தர வேலைக்கு இடஒதுக்கீடு உண்டு. காண்ட்ராக்டரிடம் இனச்சுழற்சிப் பதிவேடு கிடையாது. ஒவ்வொரு இடமும் காண்ட்ராக்டுக்குப் போகும்போது ஒதுக்கீடு சத்தமில்லாமல் சாகிறது. அதை எதிர்த்து யாரும் தெருவில் நின்று கத்தவே வேண்டாம்.

1938இல் மன்மாடு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் பார்ப்பனியம், முதலாளியம் இரண்டுமே எதிரி என்றார் அம்பேத்கர். தீண்டப்படாதவன் கேங்மேனாகவே கிடப்பதையும், பஞ்சாலை நெசவுப் பிரிவுக்குள் அவனை விடாததையும் கேட்டார். அந்தக் கேள்வி சங்கங்களைப் பார்த்து இன்னும் நிற்கிறது. போனஸ் பேச்சுவார்த்தையில் காண்ட்ராக்ட் ஆளுக்கு நாற்காலி உண்டா? கூட்டுகிற பெண்ணின் பேர் சந்தாப் புத்தகத்தில் உண்டா? அவர்களை உறுப்பினராக்குங்கள். அவர்களுடைய நிரந்தரத்தை முதல் கோரிக்கையாக எழுதுங்கள். அப்புறம் வர்க்க ஒற்றுமை பேசலாம், நாங்களும் வர்றோம்.