மலையகத்தின் நினைவு எங்கே?

கண்டியை அடுத்த ஹந்தானையில் 1925-ஆம் ஆண்டில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலையொன்று, நெடுநாள் கைவிடப்பட்டுக் கிடந்தபின் 2001-இல் தேயிலை நூதனசாலையாக உருமாறிற்று. கொழுந்தை அரைத்த எந்திரங்கள், உலர்த்திய எந்திரங்கள், ஜேம்ஸ் டெய்லர் துரையின் உடைமைகள், ஒரு நூலகம் யாவும் அங்கே பேணப்படுகின்றன. நம் ஊவாவிலோ, தம்பேதன்னை மலையுச்சியில் லிப்டன் அமர்ந்து தோட்டத்தை நோக்கிய இடம் உல்லாசப் பயணிகளின் யாத்திரைத் தலம். அங்கே அவருக்குச் சிலையும் உண்டு.

எந்திரத்தைப் பேணுவது குற்றமன்று. ஆனால், அந்த எந்திரத்துக்குக் கொழுந்து சுமந்த பெண்ணின் உடைமைகளைப் பேணுவார் யார்? அவளது கூடை, அவள் கணவனின் கவ்வாத்துக் கத்தி, விடியுமுன் அவர்களைப் பெரட்டுக்கு எழுப்பிய தப்பு, லயத்தின் குப்பி விளக்கு, அவர்கள் பெயரைத் தாங்கிய செக்ரோல் இவையெல்லாம் வரலாறு ஆகாவோ?

"வயிற்றுக்கே போராடும் மக்களுக்கு நூதனசாலையும் சுவடிச்சாலையும் எதற்கு?" என்று கேட்போர் நம்மவரிடையேயும் உளர். இவர்கள் 1949-ஐ மறந்தவர்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கிய மறு ஆண்டு, இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. 1946 ஜனவரி முதலாம் தேதிக்கு முன், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது அச்சட்டம். காட்டை அழித்துத் தோட்டமாக்கிய கைகளிடம் அது காகிதம் கேட்டது! காகிதமோ தோட்டக் காரியாலயத்தின் அலுமாரியில் இருந்தது. அலுமாரியின் சாவி துரையிடம் இருந்தது. ஏறத்தாழ 8 லட்சம் பேருக்காக விண்ணப்பித்தும், சுமார் 1,34,000 பேருக்கே குடியுரிமை கிட்டிற்று. ஆவணம் கற்றோரின் ஆடம்பரம் என்று இனியும் கூறலாமா? ஆவணத்தை உடையவனே இங்கு உரிமையையும் உடையவனாக இருந்தான்.

2014 அக்டோபர் 29-ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கிற்று. மாண்டவர் எத்தனை பேர்? நூற்றுக்கணக்கானோர் என்றனர், பின்னர் அத்தொகை குறைந்தது, பல நாட்களாகியும் தெளிவு பிறக்கவில்லை. ஒவ்வொரு றாத்தல் கொழுந்தையும் நிறுத்துப் பதிவு செய்யத் தெரிந்த அமைப்புக்கு, மண்ணுள் புதைந்த மனிதரை எண்ணத் தெரியவில்லை.

1981-இல் யாழ்ப்பாண நூலகம் 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரியூட்டப்பட்டபோது தமிழுலகம் துடித்தது, துடிக்கவே வேண்டும். எரிந்த ஏட்டுக்கு அழுதோம். ஒரு நாளும் ஏட்டில் ஏறாமலே, பாடிய கிழவியோடு மண்ணுக்குப் போகும் பாட்டுக்கு அழுபவர் யார்?

வழி காட்டியவர்கள் இல்லாமற் போகவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை லயம் லயமாகத் தேடி மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தார். கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில், கண்டி சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007-இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையும் ஆவணக் காப்பகமும் நிறுவிற்று. பதுளையிலும் அத்தகையதொன்று எழ வேண்டும். ஊவாவின் தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், பற்றுச்சீட்டுகள், பழைய கடவுச்சீட்டுகள், காமன்கூத்துப் பாட்டுகள் அங்கே சேர வேண்டும்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! அரசு கட்டடம் தரட்டும், அதற்காகப் போராடுவோம். ஆனால் தகரப்பெட்டியின் அடியில் மக்கிக்கொண்டிருக்கும் காகிதம், கட்டடம் எழும் வரை காத்திராது. வகுப்பறைதோறும் ஒரு குறிப்பேடு திறப்போம். மாணவன் தன் பாட்டியின் சொல்லை அவள் சொன்னபடியே அதில் எழுதட்டும். துரைமார் தம் கணக்கை எழுதி வைத்துச் சென்றார்கள். நம் கணக்கை நாமே எழுத வேண்டும்.