ஜாதி நாய்க் குட்டியா, காப்பகத்து நாயா?

சென்னையில் ஒரு குடும்பம் நாய் வளர்க்கலாம் என்று பேச ஆரம்பித்தால், அன்று இரவே வீடு இரண்டு கட்சியாகிவிடும்.

மகன் லேப்ரடார் கட்சி. "குட்டியா வாங்கினாதாம்பா நம்மகிட்ட ஒட்டும்" என்பான். மகள் வேளச்சேரி ரோட்டில் உள்ள புளூகிராஸுக்கு ஒருமுறை போய் வந்தவள். "அத்தனை நாய் வீடு இல்லாம கெடக்கு, காசு குடுத்து எதுக்கு வாங்கணும்?" என்பாள். அப்பா மணிபர்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு மகள் பக்கம் சாய்வார்.

அம்மா எந்தக் கட்சியும் இல்லை. "பகல்ல அதை யாரு பாத்துக்கறது?" என்று மட்டும் கேட்பார்.

இந்த நாலு பேரில் சரியான கேள்வி கேட்டவர் அம்மாதான். ஜாதி நாயா, தெரு நாயா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். (நாய்க்கும் ஜாதி பார்க்கிற ஊர்!)

காலை 9 மணிக்குப் பூட்டுகிற வீட்டை மாலை 6.30க்குத்தான் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதக் குட்டி 2, 3 மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்காது. ஒரு நாளைக்கு 3, 4 வேளை சாப்பாடு வேண்டும். தனியாக விட்டால் கத்தும். செருப்பு, சோபா, மின்சார வயர் எல்லாவற்றையும் கடிக்கும். அது பிஸ்கட் கலர் லேப்ரடாராக இருந்தாலும் சரி, தெருமுனையில் பொறுக்கி வந்த குட்டியாக இருந்தாலும் சரி.

அதாவது, எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போகிற வீட்டுக்குக் குட்டியே ஆகாது. இதை விற்கிறவர் யாரும் சொல்வதில்லை.

விளம்பரத்து நாய்

2003ல் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் சிறுவன் பின்னாலேயே ஒரு சப்பை மூக்கு நாய் ஓடியது. அவ்வளவுதான், ஊரெல்லாம் "பக்" நாய்க்கு அலைந்தது.

நாய்க்கு மனிதன் மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். சப்பை மூக்கு நாய்க்கு அந்த மூச்சே சரியாக ஓடாது. சித்திரை வெயிலில் பகல் 12 மணிக்கு அதை நடத்திக்கொண்டு போனால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

சைபீரியப் பனியில் வண்டி இழுத்த ஹஸ்கியைக் கொண்டுவந்து மூன்றாவது மாடியில் வைத்திருக்கிறவர்களும் உண்டு. பகலெல்லாம் ஏ.சி. ஓட வேண்டும். கரண்ட் போனால் நாயும் தவிக்கும், வீடும் தவிக்கும்.

"அப்போ நம்ம ஊரு நாயே வாங்கலாமே" என்பார்கள். ராஜபாளையம் நாய்க்கு 2005ல் தபால் தலையே வந்தது. பெருமைதான். ஆனால் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வேட்டைக்கு ஓடிய ஜாதி. இரண்டு ரூம் பிளாட்டில் அடைத்தால் சுவரைப் பிராண்டும். ராஜபாளையத்தின் பால் வெள்ளை நிறத்துக்காகப் பேரம் பேசுகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். அந்த வெள்ளையோடு காது கேளாத குட்டிகள் பிறப்பதும் உண்டு. குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுக்கக்கூடாது.

தாய் எங்கே?

நாய் வியாபாரத்துக்குச் சட்டம் இருக்கிறது. 2017ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, குட்டி போட வைத்து விற்கிறவர் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. 18 மாதம் ஆகாத பெட்டையைச் சினைக்கு விடக்கூடாது. வருடத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது. ஆயுசுக்கு 5 ஈற்றுக்கு மேல் கூடாது.

சந்தையில் கூடையோடு உட்கார்ந்திருக்கிறவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்.

"முப்பத்தஞ்சு நாள் குட்டி சார். சின்னதா இருந்தாத்தான் பழகும். ஊசியெல்லாம் போட்டாச்சு."

மூன்றுமே ஏமாற்று. தாயோடும் கூடப்பிறந்ததோடும் இருக்கும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி, வீட்டுப் பிள்ளைகளைக் கடித்துத்தான் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். தடுப்பூசியை 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 3, 4 வாரத்துக்கு ஒருமுறை என்று 16 வாரம் வரை போட வேண்டும். 35 நாளில் "எல்லாம்" எப்படிப் போட்டிருக்க முடியும்?

இங்கேதான் பார்வோ வருகிறது. இந்த வைரஸ் ஒட்டிய குட்டி சில நாள் துள்ளிக்கொண்டுதான் இருக்கும். விற்கிற அன்று கண் பளபளக்கும். நாலாம் நாள் வாந்தி, ஐந்தாம் நாள் ரத்தக் கழிச்சல். அப்புறம் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடம் போகாத பிள்ளையோடு பெஞ்சில் உட்கார வேண்டும். 12 ஆயிரம் போனது போகட்டும். பெயர் வைத்துக் கூப்பிட்ட இரண்டாம் நாளே சாகக் கிடக்கிற குட்டியைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

விற்றவரின் போன் "ஸ்விட்ச் ஆப்" ஆகியிருக்கும்.

எல்லா வளர்ப்பாளரும் இப்படி இல்லை. ஒழுங்கானவர் வீட்டுக்குள்ளே கூட்டிப்போய்த் தாய் நாயைக் காட்டுவார். அது இளைத்து, மடி தொங்கி, மூலையில் ஒடுங்குகிறதா, வாலாட்டி வருகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். அவர் பதிவுச் சீட்டைக் காட்டுவார். வாங்க வருகிறவரையே நாலு கேள்வி கேட்பார். "பகல்ல வீட்ல ஆள் இல்லையா? அப்ப வேண்டாம் சார்" என்று திருப்பி அனுப்பவும் செய்வார். அப்படிப்பட்டவரிடம் காசு கொடுத்து வாங்குவது பாவம் ஒன்றும் இல்லை. "தாய் ஊர்ல இருக்கு, போட்டோ அனுப்பறேன்" என்கிற இடத்தில் செருப்பைக்கூடக் கழற்ற வேண்டாம்.

காப்பகத்தில் கிடைப்பது

புளூகிராஸ் 1959ல் ஆரம்பித்தது. 1964லேயே தெருநாய்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் தொடங்கிய ஊர் இது. இன்று நகரத்தில் சிறிதும் பெரிதுமாகப் பல காப்பகங்கள். தெருநாய் மட்டும்தான் அங்கே இருக்கும் என்று நினைப்பது தப்பு. வீடு மாற்றியவர்கள், வெளிநாடு போனவர்கள், வீட்டுக்காரர் முறைத்ததும் கைகழுவியவர்கள் விட்டுப்போன லேப்ரடாரும் பக்கும் அங்கேயே உண்டு. மகனுக்கும் மகளுக்கும் சமாதானம் ஆகிற இடம் அதுதான்.

2 வயது, 3 வயது நாயில் ஒளிவுமறைவு கிடையாது. எவ்வளவு வளரும் என்று கண்ணெதிரே தெரிகிறது. பிள்ளைகளைக் கண்டால் ஓடி வருமா, உறுமுமா என்று பராமரிக்கிறவரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். பார்வோ அபாயமும் பெரும்பாலும் தாண்டியிருக்கும். கருத்தடை முடிந்திருந்தால் காது நுனியில் சின்ன வெட்டு இருக்கும். பகலில் நாலைந்து மணி நேரம் தூங்கிக் கிடக்கவும் அதனால் முடியும். மத்தியானம் பக்கத்து வீட்டுப் பாட்டியோ யாரோ ஒருமுறை வெளியே கூட்டிப்போனால் போதும்.

இதிலும் கஷ்டம் இல்லாமல் இல்லை. அடிபட்ட நாய் துடைப்பத்தைக் கண்டால் நடுங்கும். தீபாவளிக்குக் குளியலறையை விட்டு வெளியே வராது. கூட்டமான காப்பகத்தில் குட்டி எடுத்தால் அங்கேயும் நோய் பயம் இருக்கிறது. ஐந்து வருடம் தெருவிலேயே ராஜாவாக இருந்த நாயை இரக்கப்பட்டு மாடி வீட்டில் பூட்டினால், கேட்டைப் பார்த்து ஊளையிடும். அதை அங்கேயே விட்டு, சோறும் ஊசியும் போட்டாலே புண்ணியம்.

"வேண்டாம் என்றால் திரும்ப விட்டுவிடலாம்" என்ற எண்ணமும் கூடாது. டெல்லி தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்டு 22ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு இதையும் சொல்லிவிட்டது. நாய்ப் பிரியர்கள் தெருநாயைத் தத்து எடுக்கலாம். ஆனால் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு.

எந்த நாய் வந்தாலும் வெறிநாய்க்கடி தடுப்பூசி வருடா வருடம் தப்பக்கூடாது. அந்த நோய்க்குறி வந்தபின் மருந்து கிடையாது. மாநகராட்சி லைசென்சும் வேண்டும். 2025ல் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்று மாநகராட்சி கெடுபிடி செய்தது.

கடைசியில் அம்மாவையும் காப்பகத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரே நாளில் முடிவு செய்யாமல், அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போய் அதே நாயைப் பார்த்துவிட்டு வரலாம். வீட்டுக்கு வந்ததும் அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு நாளோ மூன்று நாளோ, பிள்ளைகள் இழுக்காமல் இருக்க வேண்டும். தட்டையும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்த்தால் போதும்.