சின்னப் பெட்டிக்குள் காரைக்கால் வெயில்



மேசையை அடைக்காத சிறிய கணினிப் பெட்டி யாருக்குத்தான் பிடிக்காது? அதற்குள் 16 செ.மீ. உயரக் கூலர் நுழையாது. தட்டையான கூலர்தான் நுழையும். ஆஸ்திரிய நிறுவனமான நாக்டுவாவின் என்எச்-எல்9ஐ கூலர், விசிறியையும் சேர்த்து 37 மில்லிமீட்டர்தான். இத்தகைய கூலர்களில் எதை வாங்கலாம் என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது செயலி, கூலர் பிறகுதான் என்பது என் கருத்து.

கூலர் என்ற பெயர் நம்மை ஏமாற்றுகிறது. அது குளிரை உண்டாக்குவதில்லை. செயலியின் வெப்பத்தை வாங்கிக் காற்றிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே விசிறிக் கூலர் பொருத்திய செயலி, வேலை செய்யும்போது அறையைவிடச் சூடாகவே இருக்கும். எவ்வளவு சூடு என்பது அது செலவிடும் வாட்டைப் பொறுத்தது.

ஒரு தட்டைக் கூலரில் வாட்டுக்கு அரை டிகிரி ஏறுவதாக வைத்துக்கொள்வோம். இன்டெல் கோர் ஐ5-12400 செயலியின் விவரக் குறிப்பில் 65 வாட் என்று இருக்கும். ஆனால் முழுமூச்சாக வேலை செய்யும்போது அது 117 வாட் வரை போகலாம். அதற்கு ஏறத்தாழ 58 டிகிரி ஏறும். 22 டிகிரி அறையில் சோதித்துப் பார்ப்பவருக்கு 80 டிகிரி காட்டும், கவலையில்லை. நம் வீட்டில், மே மாதம் கடற்காற்று வீசத் தொடங்கும் முன், அறையில் 36 டிகிரி, பெட்டிக்குள் இன்னும் 6 டிகிரி என்று கொள்ளுங்கள். கூட்டிப் பாருங்கள், 100! அந்தச் செயலியின் எல்லையே அதுதான். அது எரிந்துவிடாது, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகத்திற்காக வீட்டார் சிரமப்பட்டுக் கொடுத்த பணம்தான் வீண்.

அதே வரிசையில் 12400டி என்றொரு செயலி உண்டு. அடிப்படை 35 வாட், உச்சம் 74. மேற்கண்ட கணக்கின்படி 79 டிகிரியோடு நிற்கும். சிறிய பெட்டிதான் வேண்டும் என்றால் இதுவே பொருத்தம். கூலர் அட்டையில் “இத்தனை வாட் தாங்கும்” என்று அச்சிட்டிருந்தால், எத்தனை டிகிரி அறையில் என்று கடைக்காரரைக் கேளுங்கள்.

நம் ஊர்ப் புழுக்கம் கணினியையும் வாட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வியர்வை ஆவியாகாததால்தான் நமக்குப் புழுங்குகிறது. செயலிக்கு வியர்ப்பதில்லையே! 41 டிகிரி வேலூரின் உலர்ந்த வெயில்தான் அதற்குக் கொடுமை. காரைக்காலில் கெடுதல் வேறு வழியில் வருகிறது. உப்புக் காற்றின் ஈரத்தில் தூசி பசைபோல் பிடித்து, கூலரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே அடைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, மென்மையான தூரிகையால் துடைத்துவிடுங்கள்.

வாங்கும்முன் பெட்டியின் உள் உயரத்தை அளந்து பாருங்கள். விசிறிக்கு நேர் மேலே மூடியில் துளைகள் இருக்கவேண்டும். துளையில்லாத தகடு விசிறியை ஒட்டி நின்றால், எவ்வளவு விலை கொடுத்த கூலருக்கும் காற்று கிடைக்காது.