கையறுநிலையும் மரண கானாவும்: இரங்கல் இலக்கியத்திற்கு உறவுவழிப் பகுப்பின் தேவை

முன்னுரை

தமிழ் இரங்கல் இலக்கியத்தை நாம் இரண்டு இடங்களில் வைத்துப் படித்துவருகிறோம். கையறுநிலைப் பாடல்கள் சங்க இலக்கியத் தாளில் இடம்பெறுகின்றன. ஒப்பாரி நாட்டுப்புறவியல் தாளில் இடம்பெறுகிறது. முன்னதற்குப் பாடியவர் பெயரும் திணையும் துறையும் உண்டு; பின்னதற்குப் பெரும்பாலும் சேகரித்த ஊரின் பெயரே மிஞ்சுகிறது. சரமகவி, இரங்கற்பா, மரண கானா ஆகியவை இவ்விரண்டிலும் சேராமல் இலக்கிய வரலாற்றின் ஓரத்தில் நிற்கின்றன. இப்பிரிவினை பாடத்திட்ட வசதியால் நேர்ந்ததே தவிர, இலக்கணத்தால் நேர்ந்ததன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். இறந்தவருக்காக யார் அழுகிறார் என்னும் உறவை அடிப்படையாகக் கொண்டு தொல்காப்பியம் இரங்கலைப் பகுத்தது. அப்பகுப்பை மீட்டெடுப்பின் புறநானூற்றுப் பாடலையும் இன்று எர்ணாவூரில் பாடப்படும் சாவுப் பாட்டையும் ஒரே வகைமையின் வரலாற்றில் வைத்து ஆராய இயலும். இதற்கு ஒப்பீட்டுத் துணையாகக் கி.பி. 3 முதல் 6ஆம் நூற்றாண்டு வரையிலான சீன இரங்கல் இலக்கியத்தை எடுத்துக்கொள்ளலாம்.

தொல்காப்பியப் பகுப்பும் பிற்கால ஒடுக்கமும்

புறத்திணையியலில் காஞ்சித்திணையின் துறைகளைத் தொகுக்கும் தொல்காப்பியர், இறப்பைச் சார்ந்த துறைகளை நுட்பமாக வேறுபடுத்துகிறார். இறந்தவனைச் சுற்றத்தார் சூழ்ந்து அழுவது பூசல்மயக்கம். சுரத்திடையே கணவனை இழந்தவள் தனித்துப் புலம்புவது முதுபாலை. மனைவியை இழந்த கணவனின் நிலை தபுதாரநிலை. கணவனை இழந்தவளின் நிலை தாபதநிலை. இறந்தோரை எண்ணி எஞ்சியோர் புலம்புவது கையறுநிலை. இவற்றைப் பிரிக்கும் கோடு பாவகையோ நடையோ பாடுபவரின் கல்வியோ அன்று. இழந்தவருக்கும் இறந்தவருக்கும் இடையிலுள்ள உறவே அக்கோடு.

பிற்காலத்தில் இக்கோடு மங்கியது. புறப்பொருள் வெண்பாமாலை கையறுநிலையைப் பொதுவியலில் சேர்த்தது. புறநானூற்றின் துறைக்குறிப்புகளும் பல்வேறு உறவுகளைக் கையறுநிலை என்னும் ஒரே பெயரின்கீழ்க் கொண்டுவந்தன. அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் பாடிய 235ஆம் பாடலும், தந்தை பாரியை இழந்த மகளிரின் 112ஆம் பாடலும், மனைவியை ஈமத்தில் இட்டபின் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடிய 245ஆம் பாடலும் ஒரே துறையினவாகக் குறிக்கப்பட்டுள்ளன. முதற்பாடல் புரவலரை இழந்த புலவரின் குரல். இரண்டாவது பெண்மக்களின் குரல். மூன்றாவது கணவனின் குரல். மூன்றாவது பாடலுக்கு உரிய தபுதாரநிலை என்னும் பெயர் தொல்காப்பியத்தில் முன்பே இருந்தும், துறை வகுத்தோர் அதனைக் கையாளவில்லை. 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த பின்னர் வந்த ஆய்வுகள் பலவும் இத்துறைக்குறிப்புகளையே வழிகாட்டியாகக் கொண்டன. அதனால் கையறுநிலை என்றதும் மன்னனை இழந்த புலவனே நம் நினைவுக்கு வருகிறான். பூசல்மயக்கத்தில் கூடியழும் சுற்றம், குறிப்பாகப் பெண்கள், இலக்கியத்திலிருந்து நாட்டுப்புறவியலுக்குப் பெயர்க்கப்பட்டுவிட்டனர்.

சீன இரங்கல் வகைமைகள் காட்டுவன

சீன மரபிலும் தொடக்கத்தில் படிநிலையே ஓங்கியிருந்தது. இறந்தவரின் செயல்களை எடுத்துரைத்துப் புகழும் ‘லெய்’ என்னும் இரங்கலுரையைத் தாழ்ந்தோர் உயர்ந்தோருக்கு இயற்றலாகாது, இளையோர் மூத்தோருக்கு இயற்றலாகாது என்று ‘லீஜி’ என்னும் சடங்குநூல் விதித்தது. பிணவண்டியை இழுப்போர் பாடிய இரு பழம்பாடல்களுள் ஒன்று உயர்குடியினர்க்கும் மற்றொன்று எளியோர்க்கும் உரியது என்ற மரபுச்செய்தியும் உண்டு.

ஆயினும், ஏறத்தாழ கி.பி. 500இல் லியூ சியே இயற்றிய ‘வென்ஷின் தியாவ்லோங்’ என்னும் இலக்கியக் கொள்கை நூல், இரங்கல் எழுத்துகளுக்கென்றே இரண்டு இயல்களை ஒதுக்கியது. இரங்கலுரையும் நினைவுக்கல் வாசகமும் ஓரியலில் அமைந்தன. இளமையில் மாண்டோர்க்கான ‘அய்’ என்னும் வகையும் துக்கம் விசாரிக்கும் எழுத்தும் மற்றோரியலில் அமைந்தன. அடுத்த தலைமுறையில் சியாவ் தோங் (501–531) தொகுத்த ‘வென் சுவான்’ பிணவண்டிப் பாடலைக் கவிதையின் உட்பிரிவாகவே ஏற்றது. கூலிக்குப் பிணவண்டி இழுத்தோரின் பாட்டு, லூ ஜி (261–303) போன்ற உயர்குடிக் கவிஞரின் கையில் இலக்கிய வகையாயிற்று. கி.பி. 427இல் மறைந்த தாவ் யுவான்மிங் தம் சாவுக்குத் தாமே அப்பாடலைப் பாடிவைத்தார். தொழிற்பாட்டு இலக்கியமாவதற்கு அம்மரபில் கொள்கைத் தடை எழவில்லை என்பதே நாம் கருதத்தக்கது.

உறவின் பெயரால் வகைமை பிறந்ததற்கும் அங்கே சான்று உண்டு. பான் யுவே (247–300) தம் மனைவியின் மறைவுக்குப் பின் எழுதிய மூன்று கவிதைகளின் தலைப்பே, மனைவியை இழந்தோர் பாடும் கவிதைக்குரிய பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. தமிழில் பெயர் முதலில் தோன்றியும் வகைமை வளரவில்லை. சீனத்தில் ஒருவரின் கவிதைகளே வகைமைக்குப் பெயர் தந்தன.

வடசென்னையின் இரங்கல் மரபு

எர்ணாவூரை அடுத்த திருவொற்றியூரில் பட்டினத்தாரின் சமாதி உள்ளது. தாயின் ஈமக்கடனின்போது அவர் பாடியனவாக வழங்கும் வெண்பாக்கள் இன்றும் இறப்பு வீடுகளில் ஒலிக்கின்றன. பதினோராந் திருமுறையில் இடம்பெறும் பட்டினத்தாரும் இவ்வெண்பாக்களைப் பாடியவரும் வேறானவர் என்பது ஆய்வாளர் பலர் ஏற்ற கருத்து. அவ்வேறுபாடு இங்கு நமக்குத் தடையன்று. அனைத்தையும் துறந்தவர் தாய்க்காக அழும் இப்பாடல்கள் எத்துறையைச் சாரும் என்னும் வினாவே முதன்மையானது. சித்தர் இலக்கியம் என்னும் தலைப்பு இவற்றின் மெய்ப்பொருளை விளக்கும். மகனின் இழப்பை விளக்காது.

இராயபுரத்தில் அடங்கியுள்ள குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களுடன் கானாவைத் தொடர்புபடுத்தும் கருத்தும் இப்பகுதியில் வலுவாக உள்ளது. இறந்தவரின் வீட்டு வாசலில் இரவில் பாடப்படும் மரண கானா, நிலையாமையைப் பேசுவதோடு நில்லாது, இறந்தவரின் பெயரையும் உற்றாரின் பெயர்களையும் தொழிலையும் குணத்தையும் பாட்டில் ஏற்றுகிறது. பாடுபவர் இவற்றை வீட்டாரிடம் கேட்டறிந்து, பலரும் அறிந்த மெட்டில் அமைக்கிறார். பெயர் சுட்டுதல் புறத்திணை மரபு என்பதை நினைவுகூர்ந்தால், மரண கானாவின் இலக்கண இடம் தெளிவாகும். பாடுபவர் இறந்தவரின் சுற்றத்தாரல்லர் எனினும் எஞ்சியோருள் ஒருவராக நின்று பாடுகிறார். அந்நிலையில் அது கையறுநிலை. மனைவியை இழந்தவனின் குரலை ஏற்றுப் பாடுங்கால் அதுவே தபுதாரநிலை. பந்தலுக்குள் பெண்கள் கட்டியழும் ஒப்பாரி பூசல்மயக்கம். ஒரே வீட்டில், ஒரே இரவில், காஞ்சித்திணையின் துறைகள் பல அருகருகே நிகழ்கின்றன. ஒப்பாரியைப் பெண்களும் மரண கானாவைப் பெரும்பாலும் ஆண்களும் பாடுவதால், உறவோடு பாலும் இங்கு ஆராயத்தக்கது.

எழக்கூடிய மறுப்புகள்

மரண கானா கூலிக்குப் பாடப்படுவது. அதனால் அதில் உண்மையான துயரம் இராது என்பது முதல் மறுப்பு. இதே அளவுகோலைச் சங்கப் புலவர்மீது நாம் வைப்பதில்லை. பரிசில் பெற்று வாழ்ந்தவர் புரவலனை இழந்து பாடிய பாட்டைத் தலைசிறந்த இரங்கலாகவே ஏற்கிறோம். பான் யுவே தம் மகளின் சாவுக்கு ஓர் இரங்கலை எழுதினார். மற்றொருவரின் மனைவிக்காக, அப்பெண்மணி இழந்த மகளுக்கு வேறோர் இரங்கலை எழுதினார். லியூ சியே இவ்விரண்டையும் ஒருங்கே பாராட்டுகிறார். தன் துயரம், பிறர் துயரம் என்னும் வேறுபாடு அவருக்கு ஆக்கத்தின் தரத்தைக் குறைக்கும் காரணமாகத் தோன்றவில்லை.

ஒப்பாரியும் கானாவும் வாய்பாடுகளால் ஆனவை என்பது இரண்டாம் மறுப்பு. வாய்பாடு உள்ளது உண்மையே. ஆயினும் சங்கப் பாடல்களின் வாய்பாட்டுத் தன்மையைக் க. கைலாசபதி விரிவாக ஆராய்ந்த பின்னரும் அவற்றின் இலக்கியத் தகுதி குறைந்துவிடவில்லை. எந்த இடத்தில் வாய்பாடு நின்று, எந்த இடத்தில் குறிப்பிட்ட மனிதரின் வாழ்க்கை நுழைகிறது என்பதைக் காண்பதே ஆய்வாளரின் பணி.

உறவுவழிப் பகுப்பு எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று இக்கட்டுரை கூறவில்லை. துறவி தாய்க்கு அழுவதற்கும் தொண்டர் தலைவருக்கு அழுவதற்கும் தொல்காப்பியத்தில் தனிப்பெயர் இல்லை. புதிய உறவுகளுக்குப் புதிய துறைப்பெயர்களை வகுக்கும் உரிமை, பொதுவியலை வகுத்த முன்னோருக்கு இருந்ததுபோலவே நமக்கும் உண்டு.

செய்யத்தக்கன

முதலாவதாக, மரண கானாவையும் ஒப்பாரியையும் பதிவு செய்யும்போது பாட்டின் சொற்களோடு பாடியவர், பாடச் சொன்னவர், இறந்தவரோடு அவர்களுக்குள்ள உறவு, பாடிய நாள், மெட்டு, பெற்ற ஊதியம் ஆகியவற்றையும் வீட்டாரின் இசைவுடன் குறிக்கவேண்டும். பாடியவர் இசைந்தால் அவர் பெயரைப் பாட்டின் தலைப்பிலேயே இடவேண்டும். புறநானூற்றுக் கொளு தரும் தகுதியை இவர்களுக்கு மறுக்க நமக்குக் காரணமில்லை.

இரண்டாவதாக, அச்சில் வந்த சரமகவிகளையும் நினைவு மலர்களையும் தொகுக்கவேண்டும். ஈழத்து நினைவு மலர்களை நூலகம் எண்ணிம நூலகம் திரட்டிவருவது நல்ல முன்மாதிரி.

மூன்றாவதாக, முதுகலைப் பாடத்திட்டத்தில் இரங்கல் இலக்கியத்தை ஒரே தாளாக அமைக்கவேண்டும். புறநானூறு, நடுகல் வாசகங்கள், பட்டினத்தார், சரமகவி, ஒப்பாரி, மரண கானா ஆகியவை அதில் அடுத்தடுத்து இடம்பெறலாம்.

முடிவுரை

ஏட்டில் எழுதப்பட்டதால் கையறுநிலைப் பாடல்கள் நமக்குக் கிடைத்தன. மரண கானா பாடிய இரவோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பாடுபவரும் முதுமையடைகின்றனர். இலக்கியமென்று ஏற்றபின் பதிவு செய்யலாம் எனக் காத்திருந்தால், ஏற்கும் நாளில் பனுவல் இராது. தொல்காப்பியர் சுற்றத்தாரின் அழுகைக்குத் துறை வகுத்தபோது, அழுதவர் புலவரா என்று வினவவில்லை. தமிழாய்வும் அவ்வினாவைக் கைவிட்டு, இறந்தவர்க்கு அவர் என்ன உறவு என்று கேட்கத் தொடங்கவேண்டும்.