இல்லத்தார் பகுதி: கையொப்பத்திற்கு முன்



இரயில்வே பார்சல் அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு ஒரு நெறி மனப்பாடம். கட்டைப் பார், முத்திரையைப் பார், எடையைப் பார், பிறகே கையொப்பம் இடு. நாள்தோறும் பிறருக்கு இதனை எடுத்துரைக்கும் நாம், நம் இல்லத்தில் மறந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு வைகாசித் திங்களில், போசரியில் நாம் குடியிருக்கும் வீட்டிற்கு ஒளியிழை இணையத் தொடர்பு பெற்றோம். வந்த இளைஞர் அரை மணியில் வேலையை முடித்து, ‘ஆயிற்று, சாகேப்’ என்று மராத்தியில் கூறினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. மகிழ்ந்து கையொப்பம் இட்டோம்.

ஆனியில் மழை பிடித்தது. பச்சை விளக்கு போய்ச் செவ்விளக்கு மின்னலாயிற்று. பதினொரு நாள் தொடர்பில்லை. நம் இல்லக்கிழத்தி மாலைதோறும் திரைவழியே ஏழு பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்தி வந்தாள். மகளின் பள்ளிக் கட்டணத்திற்கு அவ்வருவாயே துணை. கைப்பேசியின் அலையோ நம் குடியிருப்பில் மிக நலிந்தது. எழுவரில் மூவர் வேறு ஆசிரியரை நாடிச் சென்றுவிட்டனர்.

பின்னர் வந்த மூத்த பணியாளர் குறையைக் கண்டறிந்தார். சுவரில் துளையிடாமல் சன்னல் சட்டத்தின் வழியே கம்பியைக் கொணர்ந்திருந்தனர். மழைக்கு அஞ்சி நாம் சன்னலைச் சாத்தினோம். சாத்திய கதவே இழையை நெரித்து முறித்தது. மழை மீது பழியில்லை!

தொலைபேசி நிலையங்களை இணைக்கும் ஒளியிழைத் தொடர் இந்தியாவில் முதன்முதலாக 1979-இல் அமைந்தது நம் புனே நகரிலேயே. அத்தகைய ஊரில், நெடுந்தொலைவு செவ்வனே வந்த ஒளி, கடைசி முழத்தில் நம் கவனக்குறைவால் அவிந்தது. ஆகவே அன்பர்கள் நான்கினை நோக்குக.

முதலாவது, பாதை. கம்பி சன்னல், கதவு இடுக்குகளின் வழியே வரலாகாது. சுவரிலிட்ட துளை வெளிப்புறம் தாழ்ந்து சரிந்திருக்க வேண்டும். துளைக்குள் புகுமுன் கம்பி சற்றுக் கீழே தொங்கி மேலேறினால், மழைநீர் அவ்விடத்திலேயே சொட்டிவிடும். இழையில் மின்சாரம் இல்லையெனினும், அதனைத் தாங்க எஃகுக் கம்பி உடனிருப்பதுண்டு. எனவே மின்கம்பிகளோடு சேர்த்துக் கட்ட விடாதீர்கள்.

இரண்டாவது, வளைவு. உள்ளே ஓடுவது கண்ணாடி. மிகுதியாக வளைத்தால் ஒளி கசியும். சாதாரண இழையின் வளைவு ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. வளைவு தாங்கும் புதுவகைகள் 10 அல்லது 7.5 மில்லிமீட்டர் வரை பொறுக்கும். எவ்வகை என்று அறியாத நாம், காப்பி டபராவின் வாயினும் சிறிய சுருளை ஏற்காதிருப்பதே நன்று. ஆணிப்பட்டைகள் கம்பியைத் தாங்க வேண்டுமேயன்றி நசுக்கக் கூடாது.

மூன்றாவது, முனை. பச்சைத் தலையுள்ள இணைப்பியின் முகம் 8 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டது. நீலத் தலையுள்ளது அவ்வாறன்று. இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்தினால் ஒளி வீணாகும். செருகுமுன் பணியாளர் முனையைத் துடைக்கிறாரா என்று பாருங்கள். ஒரு தூசும் ஒளியை மறைக்கும். முனைக்குள் எட்டிப் பார்க்க எவரையும் விடாதீர்கள். அவ்வொளி கண்ணுக்குத் தெரியாத லேசர்; குழந்தைகளிடம் எச்சரிக்கை தேவை.

நான்காவது, அளவு. இதுவே தலையாயது. பச்சை விளக்கு ‘ஒளி வருகிறது’ என்று மட்டுமே சொல்லும். எவ்வளவு என்பதை ஒளிமானியே சொல்லும். அதன் கணக்கு டிபிஎம் எனப்படும். வீடுகளில் பெரிதும் வழங்கும் ஜிபான் முறையில் -8 முதல் -27 வரை பெட்டி ஏற்கும் வகையே மிகுதி. -20 என்றால் நிம்மதி. -26 என்றால் இன்று ஓடும். நாளை சிறு குறை நேர்ந்தாலும் நிற்கும். மூன்று எண் இறங்கினால் ஒளி பாதியாகும் என்பதை நினைவிற் கொள்க.

அவ்வெண்ணைத் தேதியுடன் குறித்து வையுங்கள். பின்னாளில் பழுது நேர்ந்தால் அச்சிறு குறிப்பே சான்றாகும். நம் பெட்டியின் பக்கத்தில் இப்போது ‘-19’ என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இவற்றைக் கேட்பது பணியாளரை ஐயுறுவதாகாது. ஒரு குவளைத் தேநீர் அளித்து, அன்புடன் கேளுங்கள், மனமுவந்து காட்டுவார். பார்த்த பின் கையொப்பம் இடுங்கள். போன மூவரில் ஒரு பிள்ளை சென்ற வாரம் திரும்பி வந்தான். மற்ற இருவரும் வரவில்லை.